நிலத்தீவுகளின் நீராண்மை: சேதராப்பட்டை முன்வைத்துப் புதுச்சேரி ஏரிச் சங்கங்களின் வரலாறு

முன்னுரை

புதுச்சேரி வட்டாரம் தொடர்ச்சியான நிலப்பரப்பன்று. தமிழக நிலத்தால் சூழப்பட்ட துண்டுகளின் தொகுப்பாகும். கடல்சூழ் தீவுகளைப் போன்றே இந்நிலத்தீவுகளும் தம் நீருக்கு அயலாரைச் சார்ந்துள்ளன. வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த சேதராப்பட்டு, ஊசுடு ஏரிக்கு வடக்கே அமைந்த எல்லையோர ஊராகும். நிர்வாக எல்லையும் நீரின் எல்லையும் பொருந்தாத இச்சூழலில் ஏரிகளைப் பேணியவர் யாவர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரெஞ்சு ஆட்சிக்காலப் பராமரிப்பு

சங்கராபரணி ஆற்றுநீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுடு ஏரியை அடைகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே வருகிறது. ஆங்கிலேயர் தம் பகுதியில் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தின்வழிக் குடிமராமத்தை வலியுறுத்தினர். பிரெஞ்சுப் பகுதியிலோ ‘சேந்திகா அக்ரிகோல்’ எனும் வேளாண் சங்கங்கள், நிலவுடைமையாளரின் பங்குத்தொகையைக் கொண்டு மதகுகளையும் வாய்க்கால்களையும் செப்பனிட்டன. எனினும், நிலமற்றோர்க்கு இவற்றில் குரல் இல்லை. ஆகவே இவற்றை ஊர்ப்பொது அமைப்புகள் எனக் கொள்வது பொருந்தாது. நிலவுடைமையாளரின் கூட்டமைப்புகள் என்பதே தகும்.

சிதைவும் மீட்பும்

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பின்னர்ப் பராமரிப்புப் பொறுப்பு படிப்படியாக அரசுத் துறையிடம் சென்றது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் ஏரியைச் சாராமலே பயிரிட வசதியுடையோர்க்கு இயன்றது. வரத்துக்கால்வாயைத் தூர்வாரும் கூட்டு அக்கறை தளர்ந்தது. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை அமைந்தமை, வேளாண்மை சாராத நீர்த்தேவையையும் உடன் சேர்த்தது.

1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம், 84 ஏரிகளைக் கருத்தில் கொண்டு ஊர்தோறும் ஏரிச் சங்கங்களை உருவாக்கியது. இவை ஆயக்கட்டு விவசாயிகளோடு பெண்களையும் நிலமற்றோரையும் உள்ளடக்க முனைந்தன. பழைய சங்கங்களிலிருந்து இவை வேறுபடும் இடம் இதுவே.

முடிவுரை

2011இன் தானே, 2024இன் ஃபெஞ்சல் ஆகிய புயல்கள் குறுகிய காலத்தில் பெருமழை பொழியும் இடரை உணர்த்தின. தூர்ந்த ஏரி வெள்ளத்தைத் தாங்காது, வறட்சிக்கும் உதவாது. ஆயினும் ஊர்ச்சங்கத்தின் அதிகாரம் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. வரத்துநீரோ அதற்கு அப்பாலிருந்து வருகிறது. ஊசுடு ஏரி இரு நிர்வாகங்களிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பது காப்புக்கான ஒரு படியே. நீர்ப்பிடிப்பின் இருபுறத்து ஊர்களும் ஒரே சங்கமாக அமர வழிசெய்யப்படாதவரை, கரையைப் பலப்படுத்துவதால் மட்டும் ஏரி நிறையாது என்பதே இவ்வரலாறு காட்டும் முடிவாகும்.