சவுக்கடி, கசையடி, சாட்டையடி



பண்ணையார் அடித்தால் சவுக்கடி. அரசு அடித்தால் கசையடி. ஒருவர் தன்னையே அடித்துக்கொண்டு காசு கேட்டால் சாட்டையடி. முதல் இரண்டுக்கும் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. மூன்றாவதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

கீழத்தஞ்சையின் சாணிப்பாலும் சவுக்கடியும் நமக்குத் தெரியும். பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் திரட்டிய பண்ணையாட்களின் போராட்டத்தால், இரண்டும் கூடாது என்று 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் எழுதவைக்க முடிந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஊர்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குவிதி, 'கீழ்ச்சாதி' ஆட்களைத் தொழுக்கட்டையில் மாட்டும் அதிகாரத்தைக் கிராமத் தலைவர்களுக்குக் கொடுத்தது. மேல்சாதிக்காரருக்கு அந்தக் கட்டை கிடையாது. 1864இல் கசையடிச் சட்டம் வந்தது. அதை ஒழிக்கச் சுதந்திர இந்தியாவுக்கு 1955 வரை ஆயிற்று.

இனி மூன்றாமவர். நம் கடைத்தெருக்களில் எல்லோரும் பார்த்தவர்தான். இடுப்பில் வண்ணத் துணி, காலில் சலங்கை, வளர்த்த முடி. பக்கத்தில் மேளம் தட்டும் பெண். பலர் வீட்டில் தெலுங்கு பேசும் நாடோடிக் குடும்பத்தினர். 'ஏமாற்று வேலை, சத்தம்தான் பெரிசு' என்று நம் ஆட்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. சாட்டை பிடியில் தடித்து, நுனியில் மெலிந்திருக்கும். மணிக்கட்டை வீசி இழுக்கும்போது அதில் ஒரு வளைவு உண்டாகி ஓடுகிறது. கயிறு மெலிய மெலிய அதன் வேகம் கூடி, ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, தாண்டிவிடுகிறது. அந்த வெடிப்பு தோலில் அல்ல, காற்றில் நடப்பது. அந்த வளைவுதான் வெடிக்கிறது என்று அரிசோனா பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இருவர் 2002இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சமன்பாடு தெரியாத ஒரு பையன் அதைக் கையால் கற்கிறான். இழுப்பது கொஞ்சம் முந்தினால் சத்தம் வராது, பிந்தினால் சதை கிழியும். பயிற்சிப் பலகை அவன் முதுகுதான்.

இதே வித்தை ஆஸ்திரேலியாவில் மாடு மேய்ப்பவர்களின் பெருமை. அதற்குப் போட்டிகள் உண்டு, பரிசுகள் உண்டு. 2000 செப்டம்பர் 15 அன்று சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழா, குதிரைமேல் வந்த ஒருவர் சாட்டையைச் சொடுக்கியதோடுதான் ஆரம்பித்தது. உலகமே கைதட்டியது. அங்கே அது தேசத்தின் அடையாளம், இங்கே பிச்சை. வித்தையில் வேறுபாடில்லை, வித்தைக்காரர் எங்கே பிறந்தார் என்பதில் இருக்கிறது. நம் நாட்டிலேயே பாருங்கள். 2024 டிசம்பரில் கோவையில் அரசியல் தலைவர் அண்ணாமலை, கேமராக்கள் சூழத் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொண்டார். அதற்குப் பெயர் போராட்டம்.

அப்படியானால் பறையை மேடையேற்றியதுபோல் சாட்டையையும் ஏற்றலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பறையில் அடி விழுவது தோற்கருவியின் மேல், இதில் விழுவது ஆளின் மேல். மகாராட்டிரத்தில் மரியாயி அம்மனின் பெயரால் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொண்ட போத்ராஜ்கள் மகர், மாங் சாதியினரே. அம்பேத்கர் வழி வந்த மகர்கள் அதைக் கலையென்று காப்பாற்றவில்லை, சாதி சுமத்திய இழிவென்று உதறினார்கள். 1956இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றவர்களுக்கு மரியாயியே தேவைப்படவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஓர் இயக்கம் நின்றது. நம் தெருவில் நிற்கும் இந்தக் குடும்பங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறோம்? தலித் அரசியலும் அவர்களைத் தாண்டித்தான் நடந்துபோகிறது. எண்ணிக்கை குறைவு, ஊர் ஊராகப் போகிறவர்கள், ஓட்டும் சாதிச் சான்றிதழும் உறுதியில்லை.

சாட்டையைக் கீழே போடு என்று மட்டும் சொல்லிவிட்டு வர நமக்கு உரிமை இல்லை. அன்றைய சோற்றுக்கு அதுதான் வழி. முதலில் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. அந்தப் பெற்றோருடன் தலைமையாசிரியர் அறை வரை வர முடிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள்.