பேரேட்டில் தேடும் பாட்டன்

அரசர்தம் வம்சாவளியைக் கல்வெட்டுச் சொல்லும். தோட்டத் தொழிலாளியின் வம்சாவளியை எது சொல்லும்? பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களில் இக்கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும், தந்தையாவது, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது.

தோட்டத்து ஆவணங்களோ உழைப்பைக் கணக்கிடவே எழுந்தவை. செக்ரோலில் பெயர், வேலைநாள், கூலி ஆகியவை இருக்கும்; பெற்றோரின் ஊர் இராது. கடல் கடந்து வந்தோருக்கு வழங்கிய தகரத்துண்டில் எண்ணே அடையாளம். கூலி கொடுக்கப் போதுமான பதிவு, குடியுரிமைக்குப் போதவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. அந்நாள் முதல் இங்கு வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது.

இன்று தேடப் புகுவோர் வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குக. தந்தையின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனுக்குரிய கட்டம் வெறுமையாய் இருப்பினும், தோட்டத்தின் பெயரும் பிறந்த ஆண்டும் அடுத்த பேரேட்டுக்கு வழிகாட்டும். ஒருவரே ஓரிடத்தில் ராமன், வேறிடத்தில் இராமசாமி எனப் பதிவாகியிருக்கலாம்; ஆதலின் எண்ணையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஏடு சொல்லாத ஊர்ப்பெயரை முதியோர் வாய்மொழி சொல்லும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடன்.