வெள்ளை ரயில் நின்றது எதனால்? அமெரிக்க அணு ஆயுதங்கள் தண்டவாளத்தை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்த வரலாறு

டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ நகருக்கு அருகிலுள்ள பேன்டெக்ஸ் ஆலையிலிருந்து கடற்படைத் தளங்களுக்கு அணு ஆயுதங்களைச் சுமந்து சென்ற ‘வெள்ளை ரயில்’ 1987இல் ஓய்வு பெற்றது. அதன் பிறகு அமெரிக்க அணு ஆயுதங்கள் தரைவழியே செல்வதெல்லாம் பொதுச் சாலைகளில், லாரிகளில்தான். இந்த மாற்றத்துக்குப் போராட்டமே காரணம் என்பது அமைதிச் செயற்பாட்டாளர் ஜிம் டக்ளஸின் வாசிப்பு. தண்டவாளத்தின் ஓரம் நின்ற மக்களும் அவர்களை விடுவித்த ஜூரியும் சேர்ந்து ரயிலை நிறுத்தினார்கள் என்று அவரும் அவருடைய தோழர்களும் சொல்லி வந்ததை அமைதி இயக்க வரலாறுகள் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டன. அந்த வாசிப்பில் பாதி சரி என்பது என் கருத்து. மீதிப் பாதி, லாரிகள் எப்போது வந்தன என்ற கேள்வியைக் கேட்காமலேயே எழுதப்பட்டது.

டக்ளஸின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைப்பதுதான் முறை. அவரும் அவருடைய மனைவி ஷெல்லியும் 1977இல் வாஷிங்டன் மாநிலத்தின் பாங்கர் தளத்தையொட்டி ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற அகிம்சைச் செயற்பாட்டு மையத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர்கள். ட்ரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான தளம் அது. தளத்துக்குள் நுழையும் தண்டவாளத்தின் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாங்கி அங்கே குடியேறினார்கள். முழுக்க வெள்ளை வண்ணம் பூசிய, காவல் கூண்டுகள் கொண்ட ஒரு ரயில் தளத்தை நோக்கி வருகிறது என்ற செய்தி 1982 டிசம்பரில் ஒரு செய்தியாளர் மூலம் அவர்களுக்கு எட்டியது. அங்கிருந்து தொடங்கியது தண்டவாள இயக்கம். ரயில் புறப்பட்டதும் ஓர் ஊரார் அடுத்த ஊராருக்குத் தொலைபேசியில் சொல்ல, வழிநெடுக மக்கள் கூடி நின்றார்கள். சியாட்டில் பேராயர் ரேமண்ட் ஹன்ட்ஹாசன் துணை நின்றார். ரயில் புறப்படும் அமரில்லோவிலோ, ஆயர் லெராய் மத்தீசன் 1981லேயே பேன்டெக்ஸ் தொழிலாளர்களை அந்த வேலையை விடுவது பற்றி யோசிக்கும்படி கேட்டிருந்தார். 1985இன் தொடக்கத்தில் பாங்கரில் தண்டவாளத்தில் அமர்ந்து கைதான 20 பேரைக் கிட்சாப் மாவட்ட ஜூரி அதே ஆண்டு ஜூனில் விடுவித்தது. இயக்கத்தாரின் கணக்குப்படி அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வெள்ளை ரயில் பாங்கருக்கு வரவில்லை.

தீர்ப்பு, அதையடுத்து நிறுத்தம் என்ற இந்த வரிசை கவர்ச்சியானது. ஆனால் இந்த வரிசை பாங்கர் என்ற ஒரே முனையிலிருந்து பார்த்து எழுதப்பட்டது. ரயிலுக்குப் போக இன்னொரு இடமும் இருந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அட்லாண்டிக் கடற்படைக்கான ஏவுகணைத் தளம் இருந்தது. கிட்சாப் தீர்ப்பு ரயிலை நிறுத்தியது என்றால், அந்தத் தீர்ப்பின் நிழல்கூடப் படாத கிழக்குக் கரைப் பயணங்களும் ஏன் முடிவுக்கு வந்தன? திட்டம் முழுவதும் 1987இல்தான் மூடப்பட்டது. 1985, 1987 என்ற இரண்டு ஆண்டுகளும் இயக்க எழுத்துகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வருகின்றன. முன்னது ஒரு வழித்தடத்தின் ஆண்டு, பின்னது திட்டத்தின் ஆண்டு. இரண்டையும் பிரித்தெழுதாததால்தான் ஜூரி தீர்ப்புக்கு அது தாங்காத சுமை ஏறியிருக்கிறது.

இதே 1987இல் இன்னொரு குழப்பமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி கலிபோர்னியாவின் கான்கார்டு கடற்படை ஆயுதக் கிடங்கின் முன் பிரையன் வில்சன் என்ற வியட்நாம் போர் வீரர் ரயிலில் அடிபட்டு இரு கால்களையும் இழந்தார். அந்த ரயில், வெள்ளை ரயிலை ஓட்டிய எரிசக்தித் துறையுடையதல்ல, கடற்படையுடையது. மத்திய அமெரிக்காவுக்கு வழக்கமான வெடிபொருள் அனுப்புவதை எதிர்த்து நடந்த மறியல் அது. வெள்ளை ரயிலின் முடிவோடு அதைச் சேர்த்துச் சொல்வோர் இன்றும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை.

என் வாதத்துக்கு நான் பெரிதும் நம்பியிருக்கும் சான்று ரயிலின் வண்ணப்பூச்சு. பெட்டிகளை வெள்ளையாக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளியது: டெக்சஸ் வெயிலில் உள்ளே சூடு ஏறக்கூடாது. வெடிமுனைக்குள் இருக்கும் வேதி வெடிமருந்துக்கு வெப்பம் ஆகாது. 1950களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த நிறம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1983இல் வழிநெடுக மக்கள் திரண்டபின், 1984 வாக்கில், பெட்டிகளுக்குப் பல நிறங்கள் பூசப்பட்டன. சரக்கு ரயில்களின் நடுவே பத்தோடு பதினொன்றாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் எனக்குப் புலப்படவில்லை. வெப்பம்தான் காரணம் என்றால் டெக்சஸ் வெயில் 1984இல் குறைந்துவிடவில்லை. நிறம் மாறியும் பயனில்லை. காவல் கூண்டுகளும் கனத்த கவசப் பெட்டிகளும் அப்படியே இருந்தன. காத்திருந்தவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொண்டார்கள். ‘வெள்ளை ரயில்’ என்ற பெயரும் நிலைத்தது. அந்தப் பெட்டிகளில் சில இன்று அமரில்லோ ரயில் அருங்காட்சியகத்தின் வசம் உள்ளன.

இந்த மறுபூச்சை டக்ளஸின் தரப்பு வெற்றியின் முதல் அறிகுறியாகப் படிக்கிறது. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. நிறுத்த எண்ணும் ரயிலுக்கு யாரும் வண்ணம் பூச மாட்டார்கள். 1984இல் துறையின் எண்ணம் ரயிலைத் தொடர்ந்து ஓட்டுவதுதான், ஆனால் யார் கண்ணிலும் படாமல் ஓட்டுவது. அணுசக்திச் சட்டத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த 148ஆம் பிரிவையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரகசியமென வகைப்படுத்தப்படாத சில தகவல்களைக்கூட வெளியிடுவதற்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க அது இடம் தந்தது. பூச்சும் பிரிவும் குறிவைத்தது ரயிலின் புலப்பாட்டை. போராட்டம் அரசுக்குத் தந்த தொல்லை அறம் சார்ந்தது என்று இயக்கம் நம்பியது. துறையின் செயல்களில் தெரிவது புலப்பாடு பற்றிய தொல்லை மட்டுமே.

அப்படியானால் லாரி எங்கிருந்து வந்தது? போராட்டத்தால் லாரி பிறக்கவில்லை. 1966இல் ஸ்பெயினின் பலோமாரெஸிலும் 1968இல் கிரீன்லாந்தின் தூலேயிலும் அணுகுண்டு ஏந்திய பி-52 விமானங்கள் விழுந்தபின், விமானத்தில் கொண்டுபோவது பற்றிய தயக்கம் கூடியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பின் கடத்தல் அச்சமும் சேர்ந்தது. சாண்டியா ஆய்வகம் உருவாக்கிய பாதுகாப்பு டிரெய்லர் 1970களின் நடுவிலேயே சாலையில் ஓடியது. உடைத்துத் திறக்க முயல்வோரைத் தாமதப்படுத்தும் சுவர்கள், அல்புகெர்க்கியிலிருந்து நாடு முழுவதும் வண்டிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் வானொலி ஏற்பாடு, ஆயுதமேந்திய காவலர்கள் வரும் துணை வண்டிகள் என்று அந்த அமைப்பு முழுமையாக இருந்தது. டக்ளஸ் தம்பதியர் வெள்ளை ரயிலைப் பற்றிக் கேள்விப்படும்போது லாரிகள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. 1975இல் அயோவாவின் பர்லிங்டனில் நடந்த அணு ஆயுதப் பணி முடிந்து எல்லாம் பேன்டெக்ஸுக்கு வந்தபின், நாலாபக்கமும் சிதறிய விமானத் தளங்களுக்கும் ஏவுகணைத் தளங்களுக்கும் ஓரிடத்திலிருந்தே அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குத் தண்டவாளத்தைவிடச் சாலை வசதி.

ரயில் எதற்கு மிச்சமிருந்தது என்பதற்கு நான் தரும் விடை சூழ்நிலைச் சான்றை மட்டும் நம்பியது. ஆனாலும் அழுத்திச் சொல்கிறேன். ட்ரைடென்ட் சி-4 ஏவுகணையின் டபிள்யூ-76 வெடிமுனை 1978இல் உற்பத்தியாகத் தொடங்கி 1987இல் நின்றது. வெள்ளை ரயிலும் 1987இல் நின்றது. ஓஹையோ வகை ட்ரைடென்ட் கப்பல் ஒன்றில் 24 ஏவுகணைகள், ஒவ்வொன்றிலும் எட்டு முனைகள் வரை. ஆக ஒரு கப்பலுக்கே 192. பாங்கருக்கு வந்த முதல் எட்டுக் கப்பல்களும் 1981 முதல் 1986 வரையிலான ஆண்டுகளில் பணியில் சேர்ந்தன. அவற்றுக்கு மட்டும் 1,536 வரை தேவை. இப்படி ஒரே ஆலையிலிருந்து ஒரே துறைமுகத்துக்கு மொத்தமாக நிரப்ப ரயில்தான் தோதானது. நிரப்பி முடிந்தபின் வேலையின் தன்மை மாறிவிடுகிறது. வெடிமுனைகளிலுள்ள டிரிடியம் 12.3 ஆண்டுகளில் பாதியாகத் தேய்வதால் அதன் குப்பிகளை அவ்வப்போது மாற்ற வேண்டும். தரச் சோதனைக்காக ஒவ்வொரு வகையிலும் ஆண்டுக்குச் சுமார் 11 முனைகள் பேன்டெக்ஸுக்குத் திரும்ப வேண்டும். இது சில்லறைப் போக்குவரத்து. இதற்கு ஒரு ரயிலையும் அதன் காவல் படையையும் வைத்துப் பராமரிப்பது வீண் செலவு. பாங்கருக்கான கடைசிப் பயணம் 1985 என்ற இயக்கக் கணக்கும் இதனோடு பெரிதாக மோதவில்லை. கடைசி இரண்டு கப்பல்களுக்கானவை முன்கூட்டியே வந்து கிடங்கில் இருந்தனவா, லாரியில் வந்தனவா என்பதைப் பொதுவெளிச் சான்றுகளை வைத்துத் தீர்க்க முடியாது.

இந்த விளக்கத்துக்கு எதிராக இரண்டு உண்மைகள் நிற்கின்றன. அடுத்த தலைமுறை டபிள்யூ-88 முனைகள் 1988-89இல் உற்பத்தியாகி ஜார்ஜியாவின் கிங்ஸ் பே தளத்துக்கான டி-5 ஏவுகணைகளில் ஏறின. மொத்த நிரப்பலுக்கு ரயில்தான் என்றால், அதற்காக ரயிலைத் தக்கவைத்திருக்க வேண்டும். அந்த முனைகளுக்கான பாகங்களைச் செய்த கொலராடோவின் ராக்கி ஃபிளாட்ஸ் ஆலை 1989இல் சோதனையிடப்பட்டுப் பணி நின்றதால் அவை சுமார் 400 மட்டுமே வந்தன. ஆனால் 1987இல் அதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இரண்டாவது, 1991இல் அதிபர் புஷ் குறுந்தொலைவு அணு ஆயுதங்களைத் திரும்பப் பெற்றபின் ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் பிரிப்பதற்காக பேன்டெக்ஸுக்கு வந்தது லாரிகளில்தான். மொத்தப் போக்குவரத்தையும் சாலை தாங்கியது. ஆகவே என் விளக்கம் தனித்து நிற்காது. ரயிலின் தேவை குறைந்துவந்த வேளையில், அதை ஓட்டுவதன் தொல்லையைப் போராட்டம் கூட்டியது என்ற அளவுக்கு இரண்டையும் இணைத்தால்தான் 1987 விளங்கும். எது எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் இயலவில்லை.

சாலைக்கு மாறியதால் மறைவு தானாக வந்துவிட்டதா? அமெரிக்காவில் பெருமளவு வந்தது. லாரிகளில் எச்சரிக்கைப் பலகை இல்லை, அடையாளமும் இல்லை. ஓட்டுவோர் படைவீரர்கள் அல்லர், எரிசக்தித் துறையின் முகவர்கள். விஸ்கான்சினில் சாம் டே நடத்திய ‘நியூக்வாட்ச்’ 1980களின் நடுவில் லாரிகளைப் பின்தொடரத் தொண்டர்களைப் பழக்கியது. ஆனால் தண்டவாளத்தைப்போல ஒரே கோட்டில் காத்திருக்க நெடுஞ்சாலை இடம் தரவில்லை. பிரிட்டனில் கதை வேறு. பெர்க்‌ஷயரின் பர்க்ஃபீல்டிலிருந்து ஸ்காட்லாந்தின் கூல்போர்ட் கிடங்குக்குச் செல்லும் ராணுவக் கான்வாய் சாலையிலேயே சென்றும், அதே பெயருள்ள வேறொரு கண்காணிப்புக் குழு அதைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் கண்டுவருகிறது. நாடு சிறியது, போகும் இடம் ஒன்றே, பச்சை வண்டிகளின் வரிசை நீளமானது. சாலை மறைத்தது என்று பொதுவாகச் சொல்வது தவறு. அமெரிக்கப் பரப்பும் அடையாளமற்ற வண்டியும் சேர்ந்து மறைத்தன.

விபத்துகளின் வரலாற்றில் இரு நாடுகளும் ஒத்திருக்கின்றன. 1987 ஜனவரியில் வில்ட்‌ஷயரின் டீன் ஹில் அருகே உறைபனியில் சறுக்கிய பிரிட்டிஷ் வண்டி ஒன்று இரண்டு டபிள்யூ.ஈ.177 குண்டுகளோடு கவிழ்ந்தது. 1996 நவம்பரில் நெப்ராஸ்காவின் இருவழிச் சாலையில் அதேபோல் உறைபனியில் அமெரிக்க டிரெய்லர் ஒன்று இரண்டு அணுகுண்டுகளோடு கவிழ்ந்தது. இரண்டிலும் கதிரியக்கக் கசிவு இல்லை. கசிவோ உயிர்ச்சேதமோ இன்றி அமெரிக்க வண்டிகள் பத்துக் கோடி மைலுக்கு மேல் ஓடியதாக எரிசக்தித் துறை சொல்கிறது. அதை மறுக்கச் சான்றில்லை. ஆனால் ஓட்டுவோர் நிலை வேறு கதை. 2007 முதல் 2009 வரையில் துறையின் முகவர்களிடையே குடி தொடர்பான 16 சம்பவங்கள் நடந்ததாகவும் அவற்றில் இரண்டு பணிப் பயணத்தின்போதே நிகழ்ந்ததாகவும் துறையின் தலைமை ஆய்வாளரே 2010இல் பதிவு செய்தார். ரயில் ஓடிய காலத்தில் ஊராரின் தொலைபேசிச் சங்கிலி வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாக இருந்தது. அமெரிக்கச் சாலைகளுக்கு அப்படி ஒன்று அமையவில்லை.

டக்ளஸின் வாசிப்பைத் திருத்தவோ உறுதிப்படுத்தவோ இனி தேவைப்படுவது ஒப்பீட்டு வேலை. தண்டவாள இயக்கத்தார் ஊர் ஊராகக் குறித்துவைத்த தொலைபேசிப் பதிவுகளை சான்டா ஃபே, பர்லிங்டன் நார்தர்ன் ரயில் நிறுவனங்களின் பழைய ஓட்டப் பதிவேடுகளோடும், ட்ரைடென்ட் கப்பல்கள் பணியில் சேர்ந்த தேதிகளோடும் அடுக்கிப் பார்க்க வேண்டும். முதல் வகைப் பதிவுகளை வைத்திருப்போர் முதுமை எய்திவிட்டார்கள். அந்தத் தாள்களை நூலகங்கள் உடனே கேட்டு வாங்கிச் சேமிக்க வேண்டும்.