தங்கவயல் தந்தியும் உலாவியின் பூட்டும்

கோலார் தங்கவயலில் பாறையை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பங்குகள் கைமாறியதோ லண்டனில். 1880இல் உருவான மைசூர் கோல்ட் மைனிங் கம்பெனியையும் அக்கம்பக்கத்துச் சுரங்கங்களையும் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் நிர்வகித்தது. தங்கம் தென்படாமல் பங்கு விலை சில பென்ஸுக்குச் சரிந்ததும், கேப்டன் பிளம்மர் சாம்பியன் ரீஃப் என்ற தங்கத் தாதுப் படிவைக் கண்டறிந்த பின் எகிறியதும் அங்கே நடந்தவை. எனவே சுரங்கத்திலிருந்து போகும் செய்தியை வழியில் முந்திப் படித்தவருக்கு லாபம் நிச்சயம். தந்தியோ பல நிலையங்களில் குமாஸ்தாக்களின் கண்ணில் பட்டே கடல் கடந்தது.

அன்றைய சுரங்கத் தொழில் இதற்குக் குறியீட்டுப் புத்தகங்களை நம்பியது. பெட்ஃபோர்ட் மெக்நீல் தொகுத்த சுரங்கக் குறியீட்டில் ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல் நின்றது. உண்மையில் முதல் நோக்கம் சிக்கனம்தான், ஏனென்றால் தந்திக் கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்று இருந்தது. அந்தப் புத்தகம் கடையில் கிடைத்ததால் ரகசியம் பேருக்குத்தான். கூடுதல் மறைவு வேண்டியவர்கள் தனிப் புத்தகம் அச்சிட்டார்கள், அல்லது முன்பே பேசிவைத்த எண்ணைக் கூட்டிச் சொற்களை மாற்றினார்கள். அந்த எண்ணும் புத்தகமும் முன்னதாகவே கப்பலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மறைக்கும் முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1883இல் குறியாக்கவியலாளர் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதினார். சாவியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை.

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற குறியாக்க ஆய்வாளர்கள் அதற்கு வழி கண்டார்கள். இன்று அந்த வழியில் உலாவியும் இணையதளமும் தத்தம் ரகசிய எண்ணைத் தேர்ந்து, அதிலிருந்து கணக்கிட்ட மதிப்பை மட்டும் வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்கின்றன. எதிர்முனை அனுப்பிய மதிப்பையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்து இருபுறமும் ஒரே சாவியை அடையலாம். ஒட்டுக்கேட்பவரிடம் இரண்டு மதிப்புகளும் இருந்தும், அவற்றிலிருந்து ரகசிய எண்களை மீட்பது நடைமுறையில் இயலாத கணக்கு. பின்னர் கடவுச்சொல், அட்டை எண் எல்லாம் அந்தச் சாவியால் மறைக்கப்பட்டுச் செல்கின்றன. நெட்ஸ்கேப் 1995இல் எஸ்எஸ்எல் என்ற பெயரில் இணையத்துக்குப் பூட்டு கொடுத்தது. இன்றைய டிஎல்எஸ் அதன் வாரிசு. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இடைவழியில் பெரும்பாலும் தெரியத்தான் செய்கிறது, தந்தியில் முகவரி திறந்திருந்ததைப் போல.

இந்திய அரசு இந்தப் பூட்டை ஆரம்பத்தில் சந்தேகத்தோடுதான் பார்த்தது. இணையச் சேவை உரிம விதிகள் முன் அனுமதியின்றி 40 பிட் சாவியை மட்டுமே ஏற்றன. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள்; 1997லேயே அமெரிக்காவில் படித்த மாணவர் ஒருவர் பல்கலைக்கழகக் கணினிகளைக் கூட்டி அந்த நீளச் சாவியை மூன்றரை மணி நேரத்தில் உடைத்திருந்தார். தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. அதே ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் எஸ்எஸ்எல் வேண்டும் என்றது. ஓர் அமைப்பு தடுத்ததை இன்னொன்று கட்டாயமாக்கிய விசித்திரம் இது.

சாவி வலுவாக இருந்தாலும் எதிர்முனையில் இருப்பது யார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சான்றிதழ். 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் பெயரில் கூகுள் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அத்தகைய சான்றிதழ் கையில் இருந்தால் பூட்டை உடைக்காமலே நடுவில் அமர்ந்து படிக்கலாம். அந்தச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான இந்திய அரசின் மூலச் சான்றை மைக்ரோசாஃப்ட் நம்பியதால் விண்டோஸ் பயனர்களுக்கு ஆபத்து. ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்றிருக்கவில்லை. அந்தச் சான்றிதழ்கள் ரத்தாயின. குரோம் உலாவி அதன்பின் இந்தியச் சான்றை ஏழு இணையப் பெயர்களுக்கு மட்டும் ஏற்றது.