அழாத குழந்தையும் முதல் நிமிடமும்



சில ஆண்டுகளுக்கு முன், கச்சிராயபாளையத்தில் ஒரு சுப்ஹுத் தொழுகைக்குப் பின் இளந்தந்தை ஒருவர் நம்மிடம் வந்தார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய சிறு பொதி. "ஹஜ்ரத், பிள்ளை அழவே இல்லை. ஜனாஸா தொழுகை உண்டா? பேர் வைக்கலாமா?" என்று கேட்டார். மூச்சு இருந்ததா, கைகால் அசைந்ததா என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. பிரசவத்தின்போது உடனிருந்த மூதாட்டியிடம் ஆளனுப்பி விசாரித்தோம். "ஒருதரம் வாயைத் திறந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல" என்றாராம். அந்த 'ஒருதரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொழுகை நடத்தினோம். ஆனால் கப்ரில் மண் தள்ளிவிட்டுத் திரும்பியபின் வேறொரு கேள்வி நம்மை விடவில்லை. வாய் திறந்த அந்த நொடியில் அருகிலிருந்தோர் என்ன செய்திருக்க முடியும்?

முதல் கேள்விக்கு நம் சட்டநூல்களில் நெடிய வரலாறு உண்டு. பிறந்த குழந்தை குரலெழுப்புவதை அரபியில் 'இஸ்திஹ்லால்' என்பர். பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. பிறை கண்டவர்கள் உரத்துக் குரல் கொடுப்பதால் அப்பெயர் என்று மொழியறிஞர்கள் கூறுவர். குழந்தை குரலெழுப்பினால் அது வாரிசுரிமை பெறும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. ஒரே ஒரு முறை அழுதுவிட்டு இறந்த குழந்தையும் சொத்தில் பங்கு பெற்ற மனிதராகிவிடும். அப்பங்கு அதன் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். அழுகை மட்டுமே அடையாளம் என்று இமாம்கள் நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உயிரைக் காட்டும் அசைவையும் மூச்சையும் ஹனஃபி, ஷாஃபிஈ நூல்கள் கணக்கில் எடுக்கின்றன.

அப்படியானால் அந்த அழுகையைக் கேட்டதற்கு யார் சாட்சி? பிரசவ அறையில் இருப்பவள் மருத்துவச்சி. ஜனாஸா தொழுகைக்கு அவள் ஒருத்தியின் சொல் போதும், வாரிசுரிமைக்குப் போதாது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் வாரிசுரிமைக்கும் அது போதும் என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு பெண்கள் வேண்டும். ஆக, சொத்து வழக்கே ஒரு மருத்துவச்சியின் காதையும் கண்ணையும் நம்பி நின்ற காலம் அது. பத்தாம் நூற்றாண்டில் குர்துபா நகரின் அரீப் இப்னு ஸஅத் கரு, கர்ப்பிணி, பிறந்த குழந்தை ஆகியோரின் பராமரிப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். இவற்றை மதரஸாவில் பாடமாக நடத்தியிருக்கிறோம். எனினும் அந்த மருத்துவச்சியின் கைக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்று நாம் கேட்டதே இல்லை.

மருத்துவ உலகமும் இக்கேள்விக்குத் தாமதமாகவே வந்தது. அழாத குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைவதும், குளிர்ந்த நீரைத் தெளிப்பதும் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. நியூயார்க்கில் மயக்க மருந்து வல்லுநராக இருந்த வர்ஜீனியா அப்கர் என்ற பெண்மணி 1953-இல் ஐந்து அடையாளங்களை வரையறுத்து வெளியிட்டார்: இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் இட வேண்டும். அழாத குழந்தை என்று ஒதுக்காமல், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும் கட்டாயம் இதனால் வந்தது.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சுக்கு ஏதேனும் உதவி தேவைப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈரத்தைத் துடைத்து, முதுகை மெல்லத் தேய்த்துவிட்டாலே போதும். அதற்கும் மூச்சு வராத சிலவற்றுக்கு, தலையைச் சரியான நிலையில் வைத்து, வாயையும் மூக்கையும் மூடும் சிறு முகமூடி வழியாக, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்த வேண்டும். மருத்துவமனைகளில் 'ஆம்பு பேக்' என்று சொல்லும் இப்பை 1956-இல் டென்மார்க்கில் உருவானது. அழுத்திவிட்டால் தானே விரிந்துகொள்ளும், மின்சாரம் வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டாம் என்பதற்கு முதல் சான்றுகளில் ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. தில்லியில் சித்தார்த் ராம்ஜியும் நார்வேயின் சாக்ஸ்டாட் முதலியோரும் சேர்ந்து 84 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. தூய ஆக்சிஜன் பெற்றவற்றைப் போலவே சாதாரணக் காற்றைப் பெற்ற குழந்தைகளும் தேறின. உரிய மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்று 2010-இல் சர்வதேச வழிகாட்டுதல்கள் ஏற்றன. சிலிண்டர் ஏற்ற முடியாத மலை ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் தேசிய நியோநேட்டாலஜி மன்றம் 1990-இல் இப்பயிற்சியைத் தொடங்கியபோது அது முதலில் பெரிய போதனா மருத்துவமனைகளுக்கே சென்றது. கிராமத்து மருத்துவச்சியின் கைக்கு அதைக் கொண்டுசென்றவர்களில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பணியாற்றும் மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் முதன்மையானவர்கள். 39 கிராமங்களில், ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். வாயோடு வாய் வைத்து ஊதுவதில் தொடங்கி, குழாய் பொருத்திய முகமூடிக்கும், பின்பு ஆம்பு பேக்குக்கும் படிப்படியாக வந்தனர். பல ஆண்டுகள் நீடித்த அம்முயற்சியில், கடுமையாக மூச்சுத் திணறிய குழந்தைகளில் இறந்தோர் விகிதம் 39 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. மூச்சுத் திணறலால் நேர்ந்த மரணங்கள் மொத்தத்தில் 65 சதவீதம் குறைந்தன. பிரசவங்கள் பெரும்பாலும் குடிசைகளில்தான் நடந்தன.

நமக்கு அண்மையிலும் இத்தகைய ஒரு முன்மாதிரி உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியர் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். அப்போது அப்பகுதியில் ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. அங்கேயும் மலைவாழ் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர் பணியை ஏற்றனர். கச்சிராயபாளையத்திலிருந்து பார்த்தால் மலையின் மறுபுறம்தான். ஆனாலும் அதைப் பற்றி நம்மில் பலர் அறிந்ததில்லை. நாமும் மிகத் தாமதமாகவே அறிந்தோம்.

நம் மனத்தை மிகவும் உறுத்தியது கர்நாடகத்தின் பெலகாவி ஆய்வு. 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்னும் பயிற்சி 2010-இல் அறிமுகமானது. 'பொன்னான நிமிடம்' என்பது அதன் மையச் சொல். குழந்தை அழ வேண்டும், இல்லையேல் ஒரு நிமிடத்துக்குள் காற்றுச் செலுத்தத் தொடங்க வேண்டும். பெலகாவி வட்டாரத்தில் 599 பிரசவப் பணியாளர்கள் இப்பயிற்சியைப் பெற்றனர். அதன்பின் 'இறந்து பிறந்தவை' என்று பதிவான குழந்தைகள் 3.0 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தன. அதே வேளையில், பிறந்தபின் இறக்கும் குழந்தைகளின் விகிதம் கூடவில்லை. அதாவது, முன்பு இறந்து பிறந்ததாக எழுதப்பட்டவற்றுள் சில உண்மையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தவை. காற்றுக் கிடைத்ததும் அவை பிழைத்துக்கொண்டன. இதைப் படித்தபோது அந்த வெள்ளைத் துணிப் பொதியின் கனம் மீண்டும் கையில் வந்து நின்றது. ஒருதரம் வாய் திறப்பது உயிர் போவதன் அடையாளம் மட்டுமன்று, உதவி வேண்டும் என்பதன் அடையாளமும் ஆகும் என்பதை அன்று நாம் அறியவில்லை. இறைவனின் நாட்டம் என்று அத்தந்தைக்கு ஆறுதல் சொன்னோம். அச்சொல் உண்மையே. ஆயினும் முயற்சிக்குப் பின் சொல்ல வேண்டியதை முயற்சியின் இடத்தில் வைத்துவிட்டோமோ என்ற ஐயம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2008-இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-இல் மத்திய அரசு 'நவஜாத் சிசு சுரக்ஷா' என்ற பெயரில் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சியைத் தொடங்கியது. 2022-இல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. எனினும் வெள்ளிமலையிலிருந்து வளைந்திறங்கும் சாலை குறுகிவிடவில்லை. வலி கண்ட பெண் கீழே வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடக்கூடும். மேலும் இக்கைத்திறன் குர்ஆன் மனனம் போன்றது: திருப்பி ஓதாவிட்டால் மாதங்களில் மறந்துபோகும். அதனால்தான் பயிற்சிக்கு நீர் நிரப்பிய பொம்மைக் குழந்தையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

இப்போதெல்லாம் மனைவி கருவுற்றிருப்பதாகச் சொல்லி துஆ கேட்க வரும் இளைஞர்களிடம், பிரசவம் எங்கே, மலைமேல் வீடென்றால் நாள் நெருங்கும் முன்பே கீழே தங்க இடம் உண்டா, அங்கே ஆம்பு பேக்கும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இருக்கிறார்களா என்று கேட்கிறோம். பாங்கு சொல்லக் காத்திருக்கும் பாட்டன்மாருக்கும் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். குழந்தை அழுது, துடைக்கப்பட்டு, தாயின் மார்பில் சூடு பெறட்டும். செவிலியர் கையில் தரும்வரை அறை வாசலிலேயே இருங்கள். சிலர் முகம் சுளித்ததும் உண்டு. அந்தத் தந்தை சுளிக்கவில்லை. தம் அடுத்த பிள்ளைக்குப் பாங்கு சொல்ல, அரை மணி நேரம் வராந்தாவில் நின்றிருந்தார்.