மடுல்கலைத் துரையும் முல்லோயா கோவிந்தனும்

இலங்கையில் தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டும் வழக்கு கண்டி மலைப்பக்கத்தில் முளைத்தது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலை ரெலுகஸ் தோட்டத்தில் தொழில் பழகும் துரையாகச் சேர்ந்தார். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைச் சாடினார். அந்த மாதமே ஆளுநர் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டு அரசாணை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். பிரேஸ்கேர்டிலோ கப்பலேறாமல் தலைமறைவானார். பின்னர் கைதானதும் ஆட்கொணர்வு மனு தாக்கலானது, எச்.வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் திகதி தலைமை நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸும் மற்ற இரு நீதியரசர்களும் தீர்ப்பளித்தார்கள்: அந்த அதிகாரம் அவசரகாலத்துக்கு உரியது, அமைதிக் காலத்தில் செல்லாது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது அதன் எல்லையைப் பலர் பார்ப்பதில்லை. ஆட்கொணர்வு மனு பிடித்து வைத்தவரிடம் கேட்பது ஒன்றைத்தான்: எந்தச் சட்டத்தின் பேரில் இவரை வைத்திருக்கிறீர்? தக்க விடை வந்தால் மனு தள்ளுபடியாகும். நாடுகடத்துவது அநியாயம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆளுநர் காட்டிய சட்டம் அந்த நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றே சொன்னது. அதே ரெலுகஸில் கொழுந்து பறித்தவர்களை எவரும் சிறைப்பிடிக்கவே இல்லை, ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை. அவர்கள் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். தொழிற்சங்கக்காரர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. கங்காணியின் கடனைச் சுமந்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது உண்மைதான், ஆனால் மற்றக் கட்டுகள் சொத்துரிமைச் சட்டத்தின் நிழலில் பத்திரமாக இருந்தன. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா விசாரணை ஆணைக்குழு முன் வாதாடினார். இறந்தவரை எந்த மனுவும் கொண்டுவர முடியாது.

பிரேஸ்கேர்டில் தீர்ப்பு ஒரு வெள்ளைக்காரருக்கான சலுகை அல்ல, ஆளுநரையே கட்டிப்போட்ட பொது நெறி என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையே ஆளுநரின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அந்த நெறி சட்டமில்லாத அதிகாரத்தைத்தான் தடுக்கும், சட்டமியற்றும் கையைத் தடுக்காது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது எல்லாம் முறைப்படியே நடந்தது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் தந்தது. மடுல்கலைக்காரர் இப்போது கொழும்புக்கு அலையாமல் கண்டியிலேயே மனுப்போடலாம். அது சின்ன விஷயமல்ல. எனினும் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கையொப்பமிட்ட தடுப்புக் கட்டளையைப் பொலிஸார் நீட்டினால், எந்தச் சட்டம் என்ற கேள்விக்கு விடை தயாராக இருக்கிறது. பிறகு, சந்தேகத்துக்குக் காரணம் இருந்ததா, கட்டளை முறைப்படி பிறந்ததா என்று வழக்கறிஞர் வரி வரியாகத் துருவ வேண்டியதுதான்.