ஏரோபிக் திறன், மரபுவழி வேறுபாடு

கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு ஏரோபிக் திறன். நலமுள்ள பெரியவர்களிடையே இதில் காணும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழப் பாதி குடும்பவழிப்பட்டது. கிளாட் பூஷார் வழிநடத்திய ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் (1999) பயிற்சிப் பழக்கமற்ற 481 பேர் 20 வாரம் ஒரே முறையில் உடற்பயிற்சி செய்தனர். ஏரோபிக் திறனின் சராசரி உயர்வு நிமிடத்துக்குச் சுமார் 0.4 லிட்டர், சிலருக்கு மாற்றமே இல்லை, சிலருக்கு 1 லிட்டருக்கு மேல். இந்த 481 பேரும் ஐரோப்பிய வழியினர். எனவே இவ்வளவுகளைப் பிற வழியினருக்கு, எடுத்துக்காட்டாகத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு மக்களுக்கு, அப்படியே பொருத்த இயலாது. பல மரபணுக்கள் சிறுசிறு அளவில் பங்களிப்பதால், ஓரிரு மரபணுக்களைக் கொண்டு திறனைக் கணிக்கும் வணிகச் சோதனைகள் நம்பத்தக்கவையல்ல. இதயம் தொடர்பான ஒற்றை மரபணு மாற்றத்தையும் திறனின் அளவாகக் கொள்ளலாகாது: தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ள, எம்ஒய்பிபிசி3 என்னும் இதயத்தசை மரபணுவின் 25 கார இணை நீக்கத்தைக் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் இதயச் செயலிழப்புடன் தொடர்புபடுத்தினர். அது நோய் அபாயக் குறி, தாங்குதிறன் அளவீடு அன்று.